மேல் நட்டு, கீழ் நட்டு

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் என் மனைவி. நான் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு "சைக்கிள் வருது, பார்த்து" என்று சொல்லுகிற வேலையில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆனால் வேலையை விட்டுத் தூக்கவும் மாட்டார்கள். இதற்கு முன் இருபத்தாறு வருஷம் பார்த்த வேலையில் அந்த இரண்டாவது வசதி இல்லை என்பது ஒரு மத்தியானம் தெரிந்தது. ஆட்குறைப்பு என்று சொல்லி ஒரு கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கடிகாரத்தை எங்கே மாட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே அவள் பெரிய கிரைண்டர் ஒன்றை இறக்கி, இட்லி மாவு வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டாள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் தொடங்கியது, அடுத்த வருஷம் ஆற்றைத் தாண்டிவிட்டது. அடையாறில் மூன்று கடை, பெசன்ட் நகரில் ஒரு கடை, டிரம்மில் வாங்கும் இரண்டு மெஸ். மாவு வியாபாரத்தில் உயிர்நாடி எது என்று கேட்டால் அரிசியும் உளுந்தும் என்று நான் சொல்லியிருப்பேன். கிடையாது. கடைக்காரரின் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜில் கண்ணுக்கு நேராக இருக்கிற தட்டு. அந்தத் தட்டில் இருப்பதைத்தான் ஜனங்கள் எடுக்கிறார்கள். அடையாறு பெரிய கடையில் அந்தத் தட்டு என் மனைவியினுடையது. அதைப் பிடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆனது.

மாவு ஏற்ற ஆட்டோ வைத்திருந்தோம். ஆட்டோக்காரர் பள்ளிக்கூடச் சவாரிக்கு மாறிவிட்டதால் ஒரு பழைய லோடு வண்டி வாங்கினோம். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் நம்மூரில் அதற்குப் பெயர் குட்டி யானை. கிண்டியில் அதை விற்ற புரோக்கர், "சிங்கிள் ஹேண்டு வண்டி சார்" என்றார், ஒரே ஆள் வைத்திருந்த வண்டி என்ற அர்த்தத்தில். ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் எங்களுக்கு முன்னால் மூன்று சொந்தக்காரர்கள். கேட்டதற்கு அசரவில்லை. "மூணு பேரும் ஒத்தக் கையாலதான் ஓட்டினாங்க சார், அவ்ளோ ஸ்மூத்து" என்றார். அந்தப் பதிலை ரசித்துச் சிரித்ததில் வண்டியை வாங்கிவிட்டேன். நகைச்சுவை உணர்ச்சி என்னை இப்படிப் பலமுறை கவிழ்த்திருக்கிறது.

வண்டிக்கு சர்வீஸ் புத்தகம் இல்லை. எப்போது என்ன மாற்றினார்கள், யாரிடம் காட்டினார்கள், ஒன்றும் தெரியாது. அதன் சரித்திரம் முழுக்க ஸ்டிக்கரில்தான் இருந்தது. முன் கண்ணாடியில் ஐயப்பன். அதற்குக் கீழே வேளாங்கண்ணி மாதா. டாஷ்போர்டில் 786. பின்கதவில் "துணை" என்ற சொல் மட்டும் மிச்சம், யார் துணை என்பது அழிந்துவிட்டது. மூன்று சொந்தக்காரர்களும் தெய்வத்திடம் காட்டிய அக்கறையில் கால்பங்கை கியர் பாக்ஸிடம் காட்டியிருக்கலாம் என்பது வாங்கிய இரண்டாவது வாரமே புரிந்தது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் விழாது. தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், கியர் கம்பி அவள் கையைத் தட்டிவிடும். அவள் முதல் கியரிலேயே நாலு தெரு போய், வண்டி சூடேறிய பிறகு இரண்டாவதைக் கெஞ்சி வாங்குவாள்.

ஒரு சனிக்கிழமை கெஞ்சியும் விழவில்லை. அடையாறு பாலத்தின் மேல் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ். எங்களைத் தாண்டிய ஒவ்வொரு ஓட்டுநரும் முதலில் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில்தான் கேள்வி அதிகம். அந்தப் பெரிய கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். மாவு விற்கிற நேரம் ஆறிலிருந்து ஏழு. அந்த வாரத்தில் அது இரண்டாவது தாமதம்.

கடைக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றார் அவளிடம். "பாக்கெட் மாவு கம்பெனிக்காரன் அந்தத் தட்டைத்தான் கேட்டுக்கினு இருக்கான். திங்கக்கிழமை ஏழு மணிக்கு வரேன்னு சொல்லி இருக்கான். நீ ஆறுக்கு வந்து தட்டை ரொப்பிட்டேன்னா அவனை அனுப்பிடறேன். காலியா இருந்தா நான் இன்னா சொல்றது?"

"வந்துடுவேன்" என்றாள் அவள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் முதல் கியரிலேயே ஓட்டினாள். நான் சைக்கிள்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மெக்கானிக்கை வரச்சொன்னோம். நாற்பது வயதுக்காரர். முன்பு ஆற்றோரமாக இருந்தவர். அரசாங்கத்தில் அந்த வீட்டை எடுத்துக்கொண்டு சோழிங்கநல்லூர் தாண்டி வேறு வீடு கொடுத்துவிட்டார்கள், ஆனால் வாடிக்கையெல்லாம் இந்தப் பக்கம்தான் என்பதால் பைக்கில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தினமும் வந்துவிடுவார். தெருவிலேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கியர் கம்பியை நாடி பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"கியர் ஆயில் எப்போ மாத்துனது?"

"தெரியாதுப்பா" என்றேன்.

"யாருக்குத் தெர்யும்?"

நான் முன் கண்ணாடியைக் காட்டினேன். அவர் ஐயப்பனைப் பார்த்துவிட்டு, "அவரு சொல்ல மாட்டாரு" என்றார். அப்புறம் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் பேசினார். "அக்கா, தெர்யாத வண்டில ஆயில் மாத்துறதுல ரெண்டு கீது. புது ஆயில் போனா கியர் வெண்ணெயாட்டம் வியலாம். இல்லாங்காட்டி, இத்தினி வர்சமா உள்ள அடைச்சிக்கினு கீற கசடுதான் அத்தப் புட்ச்சிக்கினு கீதுன்னு வெச்சிக்கோ, அத்த எடுத்தா உள்ள கீற வியாதியெல்லாம் வெளிய வந்துரும். சில வண்டி மாத்தாத வரைக்கும் ஓடும்."

"மாத்தலைன்னா?"

"இன்னிக்கு ஓடுன மாதிரி ஓடும்."

அவள் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தாள். "மாத்திடுங்க" என்றாள்.

சிக்கல் என்னவென்றால் மறுநாள் அவருடைய தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் அவர். சீர்த்தட்டு அவர் தலைமையில்தான் போகவேண்டும். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறரைக்கு வந்துர்றேன். ஒரு மணி நேர வேல. ஆயில் மட்டும் வாங்கி வெச்சிருங்க. சார், நீங்க கைய வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கைவைப்பேன் என்று அவருக்கு எப்படித் தோன்றியது என்பது இன்றுவரை தெரியவில்லை. என் முகத்தில் ஏதோ இருக்கிறது.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் நின்று அவருக்கு போன் செய்து எந்த ஆயில் என்று கேட்டேன். கியர் ஆயிலுக்கு நம்பர் தொண்ணூறு. மெக்கானிக் பாஷையில் நைன்ட்டி. ஒயின் ஷாப் பாஷையில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. அவர் பக்கம் மேளம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது, அதனால் நான் கத்த வேண்டியிருந்தது.

"நைன்ட்டி எவ்ளோ வாங்கணும்? ரெண்டு லிட்டரா? ரெண்டு லிட்டர் நைன்ட்டி போதுமா? சரி, நாளைக்கு நீங்க வந்ததும் சேர்ந்தே ஊத்திக்கலாம்."

திரும்பினால் மேல்வீட்டு மாமா நிற்கிறார். எழுபது வயது. பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, அந்தப் பதவியை இப்போது எங்கள் கட்டடத்தில் வகிக்கிறவர்.

"ஏம்ப்பா" என்றார், குரலைத் தாழ்த்தி. "வேலை போனா மனசு கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்குன்னு ரெண்டு லிட்டரா? ஆத்துல அவளுக்குத் தெரியுமோ?"

"அவதான் மாமா வாங்கிட்டு வரச் சொன்னா."

மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கியர் பாக்ஸ் என்று விளக்கி முடிக்கிறதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நம்பினாரா என்பது சந்தேகம். ஏனென்றால் மறுநாள் மத்தியானம் அவரே கீழே வந்து வண்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ஆயில் டப்பாவைக் கண்ணால் பார்க்கிற உத்தேசத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனிதனுக்கு ஆபத்தான நேரம். சாப்பிட்டாயிற்று, தூங்கியாயிற்று. உள்ளே இரண்டு கிரைண்டரும் ஓடுகின்றன, அவள் திங்கட்கிழமை மாவை அரைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கியர் ஆயில் மாற்றும் வீடியோ ஒன்றை மூன்று முறை பார்த்திருந்தேன். அடியில் ஒரு நட்டு, அதைத் திறந்தால் பழசு இறங்கும். பக்கவாட்டில் மேலே ஒரு நட்டு, அது வழியாகப் புதுசை ஊற்றவேண்டும். இதற்கு எதற்கு ஒரு தாய்மாமன் காத்திருக்க வேண்டும்? பழசை நானே இறக்கி வைத்துவிட்டால் அவர் வந்ததும் ஊற்றுவதுதான் பாக்கி. மனைவியும் வெளியே வந்து பார்த்து ஆச்சரியப்படுவாள். அந்த ஒன்று மட்டும் நடந்தது.

"நீயா பண்ணப் போறே?" என்றார் மாமா. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவே மணி நாலேகால். நாலரைக்கு ராகு காலம் வந்துடறது. ஆறு மணி வரைக்கும் தொடப்படாது. பண்றதா இருந்தா அதுக்குள்ள ஆரம்பிச்சுடு. ஆரம்பிச்சாச்சுன்னா அப்புறம் தோஷமில்லே, நிதானமா முடிச்சுக்கலாம்."

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ராகுவுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. கல்யாணத்திலிருந்து கேஸ் சிலிண்டர் மாற்றுவது வரை, நாலரைக்கு முன்னால் ஒரு கை வைத்து "ஆரம்பித்தாயிற்று" என்று ஆக்கிவிட்டு அப்புறம் டீ குடிக்கப் போகிற ஊர் இது. துணி துவைக்கிற இடத்திலிருந்து நீல பேசின் ஒன்றை எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தேன். தலையும் தோளும் சுலபமாக உள்ளே போயின. வயிற்றுக்கு மட்டும் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"நாலு இருபத்திமூணு" என்றார் மாமா மேலேயிருந்து.

ஸ்பேனரைப் போட்டுக் கீழ் நட்டை அழுத்தினேன்.

"நாலு இருபத்தஞ்சு."

நட்டு அசைந்தது. நாலு இருபத்தாறுக்கு ஆயில் இறங்க ஆரம்பித்தது. மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி, வரட்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே வந்தது. சாம்பலும் கறுப்பும் கலந்த நிறம். அடியில் படுத்தபடி எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. வேலை போன பிறகு நானாக ஆரம்பித்து நடந்த முதல் காரியம் அது.

எல்லாம் வடிந்ததும் கீழ் நட்டை மூடிவிட்டு, மேல் நட்டுக்கு வந்தேன். அதன் மேல் துரு, துருவின் மேல் யாரோ அடித்த பெயின்ட், பெயின்ட்டின் மேல் சேறு. ஸ்பேனர் போட்டு இழுத்தேன், வழுக்கியது. சுத்தியலால் தட்டி இழுத்தேன், இன்னும் நன்றாக வழுக்கியது. ஆறு மூலையோடு இருந்த நட்டு பத்து நிமிஷத்தில் என் தலை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. பிடிக்க ஒரு முனை இல்லை.

இப்போது நிலைமை இது: பழைய ஆயில் பேசினில். புது ஆயில் டப்பாவில். கியர் பாக்ஸ் காலி. ஊற்றுகிற வழி அடைப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அடையாறில் இருக்கவேண்டிய வண்டி, தெருமுனைக்குக்கூடப் போகாது.

கிரைண்டர் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். என் கால்களை முதலில் பார்த்திருப்பாள். நான் வெளியே வந்தேன்.

"அது உளுந்து ஊற வைக்கிற பேசின்" என்றாள்.

"கழுவித் தரேன்."

"என்ன பண்ணீங்க?"

சொன்னேன். முழுவதும் கேட்டாள். மாமா நாற்காலியை மடக்க ஆரம்பித்தார். அவள் கத்தவில்லை. போனை எடுத்துப் பழைய ஆட்டோக்காரருக்குப் பேசினாள், அவர் திங்கட்கிழமை காலை பிள்ளைகளை ஏற்றவேண்டும். இன்னொரு லோடு வண்டிக்காரரிடம் பேசினாள், ஏழரைக்கு முன்னால் வரமுடியாது. ஏழரைக்குப் போனால் தட்டில் பாக்கெட் கம்பெனி உட்கார்ந்திருக்கும். போனை வைத்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தபோது எனக்கு அந்த எட்டு மாதமும் ஞாபகம் வந்தது. தினமும் இரண்டு பாக்கெட் மட்டும் கொண்டுபோய், "வித்தா காசு குடுங்க, இல்லைன்னா நாளைக்கு எடுத்துக்கறேன்" என்று அந்தக் கடை வாசலில் அவள் நின்றது.

நான் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம். நடந்ததைச் சொன்னேன்.

"சார், மொதல்ல மேல் நட்டு தொறந்து வெச்சுக்கினுதான கீழ் நட்ட தொறந்தீங்க?"

நான் பேசினைப் பார்த்தேன்.

"சார்? ஊத்துற வயி தொறக்குமான்னு பாக்காம எவனாச்சும் கீய தொறந்து வுடுவானா? மொத பாடமே அதான சார்."

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆரம்பிக்கணும்னு..."

மேளத்தை விட்டுத் தள்ளி வந்தார் போல, நாதஸ்வரம் குறைந்தது. அப்புறம் அவர் நிதானமாகச் சொன்னார். "ராகு காலத்துக்கு மின்னாடி மேல் நட்டத் தொறந்திருக்கலாமே சார். அதுவும் ஆரம்பந்தான?"

ஐம்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு எளிமையான ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை.

"இருங்க. பந்தி முட்ச்சிட்டு வரேன்."

அவர் வருகிறவரை செய்ய ஒன்றுமில்லை. என் மனைவி பேசினுக்கு அருகே குந்தினாள். அடியில் தங்கியிருந்த கசடைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். தினமும் கிரைண்டரிலிருந்து மாவை எடுத்து அப்படித்தான் பார்ப்பாள். இன்னும் எத்தனை நிமிஷம் ஓடவேண்டும் என்று அந்த இரண்டு விரல் சொல்லிவிடும்.

"இது இரும்பு இல்லைங்க" என்றாள். "நொறநொறன்னு இருக்கு, ஆனா நசுங்குது. உமி மாதிரி."

உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் தோசை ஒட்டிய காந்தம், கொலுவுக்கு யாரோ கொடுத்தது. அதை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கசடுக்குள் விட்டுத் துழாவினாள். எடுத்தபோது மை மாதிரி மெல்லிய கறுப்பு மட்டும் ஒட்டியிருந்தது. துண்டு ஒன்றும் இல்லை. இது நல்லதா கெட்டதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் படியில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அவள் முகம் மாறிவிட்டது. அவள் கையில் ஒரு வேலை வந்துவிட்டால் அப்படித்தான்.

மெக்கானிக் ஆறரைக்கு வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசினைப் பார்த்தார், கசடை முகர்ந்தார், சிரித்தார்.

"மரத்தூளு. வித்தவன் போட்ட மேக்கப்பு சார் இது. சத்தம் வெளிய தெர்யாம இருக்க உள்ள மரத்தூளக் கொட்டி வுட்ருவானுங்கோ. பல்லு மேல மெத்தையாட்டம் குந்திக்கும்."

"நான் சொன்னேன்ல, உமி மாதிரின்னு" என்றாள் அவள்.

"இரும்பு துண்டு ஒண்ணும் வரலியேக்கா. காந்தம் போட்டுப் பாத்தியா? ஷோக்கா கீது. அப்ப உள்ள பல்லு ஒடையல."

மேல் நட்டைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அவரும் முயன்றார். "சார் இத்த நட்டா வெச்சிக்கினு இருந்தாரா, கோலிகுண்டா வெச்சிக்கினு இருந்தாரா? இதும் மேல இன்னொரு நட்டு வெச்சி வெல்டு அடிச்சிதான் கயட்டணும். ஞாயித்துக்கெழம சாயங்காலம் எவன் தொறந்து வெச்சிக்கினு கீறான்?"

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு வண்டிக்குள் ஏறி, கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை உரித்து, நாலு போல்ட்டைக் கழற்றி, கம்பியை அப்படியே மேலே தூக்கினார். கீழே ஒரு துவாரம். டார்ச் அடித்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆயில் வடிந்த பற்சக்கரங்கள் உள்ளே பளபளத்தன.

"கண்ணாலப் பாத்துக்கோக்கா. அல்லா பல்லும் கீது. மேல வயி இல்லன்னா இன்னா, மண்டைல ஊத்துவோம்."

முதலில் அரை லிட்டர் டீசலை விட்டுக் கழுவி, கீழ் நட்டைத் திறந்து இறக்கினார். மரத்தூள் கொத்துக் கொத்தாக வந்தது. இரண்டாம் தடவை டீசல் கிட்டத்தட்ட டீசலாகவே வந்தது. கீழ் நட்டை இறுக்கிவிட்டு ஆயிலுக்கு வந்தபோதுதான் அடுத்த சங்கடம். துவாரம் டாஷ்போர்டுக்கு அடியில், சீட்டுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் நடுவில். புனல் வைத்தால் டப்பாவைச் சாய்க்க இடமில்லை. டப்பாவைச் சாய்த்தால் புனல் கவிழ்கிறது. அது போக, மேல் நட்டு திறந்திருந்தால் அது வழியாக ஆயில் வழியும்போது நிறைந்தது என்று தெரியும். இப்போது அளந்துதான் ஊற்றியாக வேண்டும்.

"ஒண்ணே முக்கா லிட்டரு, கரீட்டா போணும்" என்றார். "ஜாஸ்தி போனா சீல் பக்கமா ஒயுகும். கம்மியானா பல்லு காயும்."

என் மனைவி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மாவு பாக்கெட் உறைகள், புதுசு, காலி.

"இதுல இந்தக் கோடு வரைக்கும் சரியா ஒரு லிட்டர்" என்றாள். "கோட்டுக்கு மேல இருக்கறது மாவு பொங்கறதுக்கு."

ஒரு உறையைக் கோடு வரை, இன்னொன்றை அந்தக் கோட்டில் முக்கால் உயரத்துக்கு ஆயிலால் நிரப்பினாள். வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டாள். சீட்டின் மேல் குப்புறக் கவிழ்ந்து, உறையைத் துவாரத்துக்குள் நீட்டி, கத்தரியால் மூலையை ஒரு துளி வெட்டினாள். மருதாணிக் கோன் பிழிகிற மாதிரி பிழிந்தாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

மெக்கானிக் வாயில் வெற்றிலையோடு பார்த்துக்கொண்டு நின்றார். "யக்கா, இது உள்ள போய் பொங்காதே?"

"பொங்கினா இட்லி ஊத்திக்கலாம்" என்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை அது.

கம்பியை மாட்டி, தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றலாம் என்று மூன்று பேரும் ஏறினோம். அவள் ஓட்டினாள். முதல் கியர் போட்டு நகர்ந்ததுமே உள்ளேயிருந்து ஒரு ஊளை கிளம்பியது. பழைய சத்தத்தைவிட அதிகம். மரத்தூளோடு வண்டி நன்றாகத்தான் இருந்தது, நான் கையை வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

"சத்தத்த வுடு" என்றார் மெக்கானிக். "மெத்தைய எடுத்தாச்சு, கத்தத்தான் செய்யும். ரெண்டு போடுக்கா."

அவள் கிளட்சை மிதித்தாள். வழக்கம்போலத் தோளை இறுக்கிக்கொண்டு கம்பியைப் பின்னால் இழுத்தாள். விழுந்தது. கை தட்டுப்படவில்லை, அறுக்கிற சத்தமில்லை. விழுந்தது அவளுக்கே தெரியாமல் இன்னும் ஒரு தரம் இழுத்தாள்.

"வியுந்துருச்சுக்கா. வுடு. கம்பி கைல வந்துரும்."

குளத்தைச் சுற்றி நாலு தடவை வந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. தேவையே இல்லாத இடத்திலெல்லாம் கியர் மாற்றினாள். அடுத்த ஞாயிறு வெல்டிங் ஆளோடு வந்து மேல் நட்டை எடுத்துத் தருவதாகவும், அதுவரை வண்டிக்கு அடியில் தினமும் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லியும் மெக்கானிக் கிளம்பினார். வாசலில் நின்றிருந்த மாமா கியர் விழுந்த செய்தி கேட்டுத் தலையை ஆட்டினார்.

"பின்னே? வேளை பார்த்து ஆரம்பிச்சோமோன்னோ."

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு மாவை ஏற்றினோம். குளிர்ந்த வண்டி. தெரு தாண்டுவதற்குள் இரண்டாவது கியர். ஊளையிட்டுக்கொண்டே பாலத்தைத் தாண்டினோம், நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. கடைக்காரர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எனக்கே முன்னாடி வந்துட்டே? வண்டி கத்துதே?"

"கத்தட்டும்ணே, ஓடுது" என்றாள்.

அவள் டிரேயை இறக்கி உள்ளே கொண்டுபோனாள். நான் வண்டிக்கு அடியில் பார்த்தேன். சொட்டியிருந்தது. ஒன்றில்லை, மூன்று சொட்டு, வரிசையாக. அடையாறு மெயின் ரோட்டில், காலை ஆறு மணிக்கு, வெளுத்த சட்டையோடு தரையில் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். பால் வாங்க வந்த ஒரு பெண்மணி, "என்ன சார், விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தேன்.

வெள்ளை. மாவு.

மேலே ஒரு பாக்கெட் ஓட்டையாகி, பலகை இடுக்கு வழியாக இறங்கியிருந்தது. எழுந்து உள்ளே ஓடி அவளிடம் விரலைக் காட்டினேன். அவள் தட்டில் பாக்கெட்டுகளைக் கோடு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தொம்போதுதான் இருக்குண்ணே. ஒண்ணு உடைஞ்சுடுச்சு. நாளைக்குச் சேர்த்துக் கொண்டுவரேன்."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து தட்டைப் பார்த்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"சரி, நாளைக்குக் குடு" என்றார்.